6 கணினி, 35 பிள்ளைங்க: ஆக்கத்திறன் கருவிகளை வச்சு டிஜிட்டல் எழுத்தறிவை எப்படி வளர்க்கிறது?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். கொஞ்சம் விரிவாப் பேச வேண்டிய கேள்வி, அதனால தனியா எடுத்திருக்கேன். அப்படியே வாசிக்கிறேன்.

"இலங்கை மலையகத்துல, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில தரம் 8க்குப் படிப்பிக்கிறேன். வகுப்புல 35 பிள்ளைங்க. கணினி அறையில 6 கணினிதான் வேலை செய்யுது. நெட் இருந்தா இருக்கும், மழை புடிச்சா போயிரும். பிள்ளைங்க வீட்டுல டிக்டொக் பார்க்கிறாங்க, வட்ஸ்அப்புல வாய்ஸ் போடுறாங்க. ஆனா செஞ்ச வேலையை எங்க சேமிச்சீங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க. வந்த செய்தி உண்மையான்னு பார்க்கவும் தெரியல. வீடியோ, அனிமேஷன், போஸ்டர் செய்ய வச்சா டிஜிட்டல் எழுத்தறிவு வளரும்னு சொல்றாங்க. எந்த அப்ல தொடங்குறது? செஞ்சதை யூடியூப்ல போடலாமா?"

டீச்சர், முதல்ல நேரா பதிலைச் சொல்லிடுறேன். வீடியோவுல தொடங்காதீங்க, போஸ்டர் செய்யிற கன்வா அப்புலயும் தொடங்காதீங்க. குரல்ல தொடங்குங்க. 2 நிமிஷத்துக்கு ஒரு ஒலிப்பதிவு, அவ்வளவுதான்.

ஏன்னு கேட்டீங்கன்னா, வீடியோன்னதும் பிள்ளைங்க கவனம் பூரா முகத்துலயும் ஃபில்டர்லயும் போயிரும். கோப்பும் பெருசு. சாதாரண போன்ல முழு எச்டியில 1 நிமிஷம் எடுத்தாலே 100 எம்பியைத் தாண்டும். அந்த 6 பழைய கணினியில அதைத் திறந்து வெட்டுறதுக்குள்ள 40 நிமிஷப் பாடவேளை முடிஞ்சிரும். குரல் அப்படி இல்ல. ஒரே தடத்துல, அதாவது மோனோவுல, வேவ் கோப்பா எடுத்தா 1 நிமிஷம் 5 எம்பி சொச்சம். வெட்டி முடிச்சு 64 கேபிபிஎஸ் தரத்துல, எம்பி3ங்கிற சுருக்கின கோப்பா ஆக்கினா 2 நிமிஷமும் சேர்த்து 1 எம்பிதான் வரும். பழைய கணினியும் தாங்கும், பென்டிரைவ்ல போகும், டேட்டாவும் கரையாது.

இன்னொரு காரணமும் இருக்கு. டிஜிட்டல் எழுத்தறிவுன்னா பத்து அப்போட பேர் தெரிஞ்சிருக்கிறது இல்ல. கையில ஒரு கோப்பு இருந்தா, இது எங்க பிறந்துச்சு, யார் எடுத்தது, எப்ப எடுத்தது, இடையில யார் கை வச்சாங்க, யாரோட சம்மதம் இருக்கு, இந்த அஞ்சையும் கேட்கத் தெரியணும். நம்ம பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைக்க ஒரு சொல் போதும்: பிறப்புப் பதிவு. பிறப்புப் பதிவு இல்லாத ஆள் படுற பாடு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். கோப்புக்கும் அதே மாதிரி ஒன்னு வேணும்னு சொல்லுங்க. ஒரு 80 பக்கக் கொப்பி எடுத்து, அஞ்சு கட்டம் போடுங்க: கோப்புப் பேர், எடுத்தவர், திகதியும் இடமும், உள்ள இருக்கிறவங்க சம்மதம், நாங்க மாத்தினது. குழுவுக்கு ஒரு கொப்பி. இனி நான் சொல்ற எல்லா வேலைக்கும் இந்தக் கொப்பி கூடவே வரும். தன்னோட கோப்புக்கு இதை எழுதிப் பழகின பிள்ளை, வட்ஸ்அப்புல வந்து விழுற படத்தையும் அதே கேள்வியோட பார்க்கும். இதை நான் உறுதியா நம்புறேன். பாடசாலையில செய்யக்கூடிய வேலைகள்ல இதுதான் அதிகப் பலன் தரும்.

சரி, வேலைக்கு வருவோம். 35 பேரை 5 பேர் வீதம் 7 குழுவாப் பிரிங்க. 6 கணினிக்கு 7 குழுவான்னு யோசிக்காதீங்க. எப்பவும் ஒரு குழு கணினிக்கு வெளிய கேள்வி தயாரிச்சுக்கிட்டோ, சம்மதத் தாள் எழுதிக்கிட்டோ இருக்கும். குழுவுல ஒருத்தர் கேள்வி கேட்பார், ஒருத்தர் பதிவு செய்வார், ஒருத்தர் குறிப்பெடுப்பார், ஒருத்தர் வெட்டி ஒட்டுவார், ஒருத்தர் அந்தப் பிறப்புப் பதிவுக் கொப்பிக்குப் பொறுப்பு. அடுத்த வேலையில பொறுப்பை மாத்திடுங்க. மாத்தலைன்னா என்ன நடக்கும்னா, ஏற்கெனவே கணினி தெரிஞ்ச பையன் மவுஸை விடமாட்டான், பெண் பிள்ளைங்க நாலு பேரும் குறிப்பெடுத்துக்கிட்டே தவணை முடிஞ்சிரும்.

பிள்ளைங்க போன் கொண்டு வர ஏலாது, அதனால அதிபர்கிட்ட அனுமதி எடுத்து உங்க போனையோ பாடசாலை டெப்லட்டையோ பாவிங்க. இல்லைன்னா வீட்டுல பெரியவங்க முன்னால அவங்க போன்ல எடுத்துட்டு வரச் சொல்லலாம். யாரைப் பேச வைக்கிறது? அப்பாயி, அம்மாயி, பக்கத்து லயத்துத் தாத்தா (லயம்னா தோட்டத்து வரிசை வீடு). மடுவத்துல, அதாவது நிறுவைக் கொட்டகையில, கொழுந்தை எப்படி எடை போட்டாங்க, மாசி மாசம் காமன் கூத்துக்கு என்னென்ன ஏற்பாடு, குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு மலைக்குப் போன கதை, இப்படி ஒரே ஒரு விஷயம். "ஒங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டா ரெண்டு மணித்தியாலம் போகும், இல்லைன்னா ஒன்னும் வராது. 5 கேள்வி போதும், எல்லாமே "எப்படி", "எப்ப", "யாரு"ன்னு தொடங்கணும். "கஷ்டமா இருந்துச்சா?"ன்னு கேட்டா "ஆமா"ன்னு ஒரு சொல்லோட நின்னுரும்.

பதிவு செய்யும்போது போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டா வைக்கணும். நேருக்கு நேர் வச்சா "ப" வர்ற இடத்துல எல்லாம் காத்து அடிக்கும். மேசை மேல வெறுமனே வச்சா மேசை அதிர்வு ஏறும், அதனால மடிச்ச துணி மேல வைக்கச் சொல்லுங்க. போனை ஃபிளைட் மோட்ல போடணும், நடுவுல கோல் வந்தா பதிவு அறுந்துரும். முதல்ல 10 வினாடி எடுத்துப் போட்டுக் கேட்கணும். இதை விட்டுட்டு முழுசா எடுத்து முடிச்ச பிறகு, விரல் மைக் ஓட்டையை மூடியிருந்தது தெரிஞ்சு அழுற குழு ஒன்னாவது இருக்கும்.

நம்ம ஊருக்கே உரிய தொல்லை மழை. லயத்துத் தகரத்துல மழை விழும்போது எடுத்த குரலை சாதாரண மென்பொருள் முழுசாச் சரியாக்கிக் குடுக்காது. ஃபேன் மாதிரி ஒரே சீரா வர்ற இரைச்சலை ஓடாசிட்டிங்கிற இலவச ஒலி எடிட்டர்ல எடுக்கலாம். அதுக்கு, பதிவைத் தொடங்கின உடனே 3 வினாடி யாரும் பேசாம இருக்கணும். பிறகு அந்த 3 வினாடியை மட்டும் தெரிவு செஞ்சு, இரைச்சல் குறைப்புக்குப் போய், இரைச்சல் மாதிரியை எடுக்கச் சொல்லணும். அதுக்கப்புறம் முழுப் பதிவையும் தெரிவு செஞ்சு திரும்ப அதே இடத்துக்குப் போய் அமுத்தணும். 12 டெசிபலுக்கு மேல குறைக்காதீங்க, குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகிரும். மழை சீரா விழாது, கூடும் குறையும், அதனால இந்த வழி அதுக்கு எடுபடாது. மழைன்னா காத்திருங்க. இல்லைன்னா சாக்கு, கம்பளி போட்டு வச்சிருக்கிற உள் அறையில எடுங்க.

இன்னொரு பொறி இருக்கு, இதுல நிறையப் பேர் மாட்டுறாங்க. போன்ல எடுத்த பதிவு பெரும்பாலும் எம்4ஏ கோப்பா இருக்கும். வட்ஸ்அப் வாய்ஸ் ஓபஸ் கோப்பா இருக்கும். விண்டோஸ் கணினியில ஓடாசிட்டி எம்4ஏவைத் தானாத் திறக்காது, எஃப்எஃப்எம்பெக்னு ஒரு துணைத் தொகுப்பு தனியாப் போடணும். நெட் உள்ள ஒரு நாள்ல 6 கணினிக்கும் அதைப் போட்டு வச்சிருங்க. அல்லது போன் பதிவு அப்போட செட்டிங்ஸ்ல வேவ் அல்லது எம்பி3ன்னு மாத்திட்டு எடுங்க. "கணினி பழுது, திறக்குதில்ல"ன்னு பிள்ளைங்க சொல்லுவாங்க. கணினி பழுது இல்ல, கோப்பு வகை வேறன்னு விளங்கப்படுத்துற நல்ல சந்தர்ப்பம் அது. கோப்புப் பேருக்குப் பின்னால புள்ளி வச்சு வர்ற மூணு நாலு எழுத்தை விண்டோஸ் மறைச்சு வச்சிருக்கும். அதைத் தெரியிற மாதிரி மாத்தி விடுங்க.

பேர் வைக்கிறதையும் இங்கேயே பழக்கிடலாம். "புதிய பதிவு 7"ன்னு விட்டா, 7 குழுவுலயும் 7 "புதிய பதிவு 7" இருக்கும். திகதி, தரம், குழு, தலைப்பு, இந்த வரிசையில பேர் வைக்கணும். திகதியில ஆண்டு முன்னுக்கு, பிறகு மாசம், பிறகு நாள். அப்பதான் கணினி தானா கால வரிசையில அடுக்கும். மூலப் பதிவு ஒரு ஃபோல்டர்ல, அதுல யாரும் கை வைக்கக் கூடாது. வெட்டுறது எல்லாம் பிரதியிலதான்.

இப்ப வெட்டுற பாடம். இதை அவசரப்பட்டுக் கடக்காதீங்க, மொத்த வேலையிலயும் பெறுமதியான இடம் இதுதான். தமிழ்ல மறுப்பு வசனத்தோட வால்லதான் நிக்கும். அப்பாயி சொல்றாங்கன்னு வச்சுக்குவோம்: "அந்தக் காலம் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல ஏலாது." இதை ஓடாசிட்டியில திறந்து, கடைசி ரெண்டு சொல்லையும் அந்த "ன்னு"வையும் தெரிவு செஞ்சு டிலீட் அமுத்தச் சொல்லுங்க. மிச்சம் என்ன? "அந்தக் காலம் நல்லா இருந்துச்சு." அதே குரல், அதே ஆள், ஒரு வினாடி வெட்டினதுல அர்த்தம் தலைகீழ். வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிரும். அதுக்குப் பிறகு கேளுங்க: அரசியல்வாதி பேசின 15 வினாடி வீடியோ வந்தா, அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் என்ன இருந்திருக்கும்? முழுப் பேச்சு எங்க கிடைக்கும்? இதை நீங்க விரிவுரையா எடுத்தா அடுத்த கிழமை மறந்துருவாங்க. தன் கையால வெட்டின பிள்ளை மறக்காது. வெட்டி முடிச்சதும் கொப்பியில "மாத்தினது" கட்டத்துல எழுதணும்: "1 நிமிஷம் 10 வினாடியில இருமல் எடுத்தோம், கடைசிக் கேள்வியை விட்டோம்." முடிச்ச பதிவை அப்பாயிக்குப் போட்டுக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?"ன்னு கேட்காம வேலை முடியாது.

ஒலி வேலைக்கு 4 பாடவேளை ஒதுக்குங்க. ஒன்னு கேள்விக்கு, ஒன்னு கோப்பைக் கணினிக்கு ஏத்திப் பேர் வைக்க, ரெண்டு வெட்ட.

அடுத்தது படம். அந்த 2 நிமிஷக் குரலுக்கே படம் சேர்க்கலாம். ஒரு படம் 8 வினாடி நின்னா 15 படம் போதும். எல்லாப் படத்தையும் போனைக் கிடையாப் பிடிச்சு எடுக்கணும், நிமிர்த்தி எடுத்தது கலந்தா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். சேர்க்கிறதுக்குப் பவர்பொயின்ட் போதும். 2013 பதிப்பு, இல்லைன்னா அதுக்குப் பிந்தினதுன்னா அதுல இருந்தே எம்பி4 வீடியோவா வெளிய எடுக்கலாம். ஷொட்கட் மாதிரி இலவச எடிட்டரைப் பாவிச்சா ஒன்னைக் கவனிங்க: அந்த வேலைக் கோப்புக்குள்ள படம் இருக்காது, படம் எந்த இடத்துல இருக்குங்கிற முகவரி மட்டும்தான் இருக்கும். பென்டிரைவ்ல இருந்து நேரா படத்தை இழுத்துப் போட்டுட்டு, பென்டிரைவைக் கழட்டிக்கிட்டுப் போனா அடுத்த நாள் எல்லாப் படமும் காணாமப் போயிருக்கும். முதல்ல எல்லாத்தையும் ஒரே ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணணும், அப்புறந்தான் எடிட்டரைத் திறக்கணும்.

போன்ல எடுத்த படத்துக்குள்ள திகதியும், லொகேஷன் போட்டிருந்தா எடுத்த இடமும் எழுதி இருக்கும். கணினியில படத்து மேல வலது கிளிக் பண்ணி விபரத்தைத் திறந்து காட்டுங்க. பிள்ளைங்க அதிர்ந்து போவாங்க, தங்கச்சியைப் படம் எடுத்தா வீட்டு இடமும் கூடவே போகுதான்னு. வட்ஸ்அப்புல சாதாரணமாப் படமா அனுப்பினா இந்த விபரம் அழிஞ்சிரும், படத்தோட தரமும் குறையும். டொகியூமன்டா அனுப்பினா தரமும் குறையாது, இட விபரமும் அப்படியே போகும். அதனால கெமரா அப்புல லொகேஷனை நிறுத்திட்டுப் படம் எடுக்கப் பழக்குங்க. வட்ஸ்அப்புல வந்த படத்துல திகதி விபரம் ஏன் கிடைக்காதுங்கிறதுக்கும் இதுதான் காரணம். படத்தோட பிறப்புப் பதிவு வழியிலயே கிழிஞ்சு போயிருது.

கூகுள்ல கிடைக்கிற படத்தை எடுத்துப் போடலாமான்னு கட்டாயம் கேட்பாங்க. நம்ம நாட்டுல 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, படத்துக்கு எடுத்தவர் சொந்தக்காரர். விக்கிமீடியா கொமன்ஸ்ல இருக்கிறதை எடுக்கலாம், ஆனா படத்துக்குக் கீழ இருக்கிற உரிமத்தை வாசிச்சு, எடுத்தவர் பேரைப் போடணும். ஆனாலும் நான் சொல்றது, பிள்ளைங்களே எடுக்கட்டும். தேயிலை மலைன்னு தேடினா வர்றது அனேகமா வெளிய இருந்து வந்தவங்க எடுத்த படம்: பச்சை மலை, கூடை சுமந்த ஒரு சிரிப்பு. காலையில 6 மணிக்கு அம்மா கட்டுற சோத்துப் பொட்டலத்தையும், மழைக்குப் போர்த்துற பொலித்தீனையும் யாரும் படம் எடுக்கிறதில்ல. அதை எடுக்கத் தெரிஞ்சவங்க உங்க வகுப்புலதான் உட்கார்ந்திருக்காங்க.

தமிழ் எழுத்து விஷயம் ஒன்னு சொல்லணும். பாடசாலைக் கணினியில பாமினி எழுத்துரு இருக்கும், நிறைய வினாத்தாள் அதுலதான் அடிச்சிருப்பாங்க. பாமினியில அடிச்சதை வேற கணினிக்குக் கொண்டு போனா ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும். காரணம், கணினியைப் பொறுத்தவரை அங்க இருக்கிறது ஆங்கில எழுத்துதான், பாமினி அதுக்கு மேல தமிழ் முகமூடி போட்டிருக்கு. யுனிகோட்ல தமிழ் எழுத்துகளுக்குன்னே சொந்த எண்கள் இருக்கு. ஒரே வசனத்தை ரெண்டு விதமாவும் அடிச்சு, எழுத்துருவை மாத்திக் காட்டுங்க. பிறகு ஆவணத்துக்குள்ள தமிழ்ச் சொல்லைத் தேடச் சொல்லுங்க. யுனிகோட்ல அடிச்சது மட்டும்தான் அகப்படும். 10 நிமிஷம் போதும். சில வீடியோ அப்புகள்ல யுனிகோட் தமிழே உடையும், "கொ"வில கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போயிரும். அப்ப அந்த அப்போட மல்லுக்கட்டாதீங்க. தலைப்பைப் பவர்பொயின்ட்ல எழுதி, அந்தச் சிலைட்டைப் படமாச் சேமிச்சு, வீடியோவுக்குள்ள படமாவே போட்டுருங்க.

அனிமேஷன் கேட்டிருந்தீங்க. ஸ்டொப் மோஷன் செய்ங்க, அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்து, எல்லாத்தையும் வேகமா ஓட விடுறது. பிள்ளைகளுக்கு உயிர். களிமண்ணுல ஒரு சரிவு செஞ்சு, மேல தீப்பெட்டியில லயம் கட்டி, மண்சரிவு எப்படி நடக்குதுன்னு காட்டலாம்: நிலத்துல வெடிப்பு, மரமும் கம்பமும் சாயிறது, புதுசா ஊத்து கிளம்பி அதுல கலங்கல் தண்ணி வர்றது, பிறகு சரிவு. வினாடிக்கு 5 படம் வீதம் 15 வினாடிக்கு 75 படம். வினாடிக்கு 12 வச்சா வழவழன்னு வரும், ஆனா 180 படம் எடுக்கணும், முதல் முறையே பிள்ளைங்க களைச்சிருவாங்க. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில பொருளை அரை சென்டிமீட்டருக்கு மேல நகர்த்தக் கூடாது. போனை ரெண்டு செங்கலுக்கு நடுவுல செருகி, மேசையில அது நிக்கிற இடத்தைச் சுத்தி டேப் ஒட்டிருங்க. திரையைத் தொட்டு எடுத்தா போன் ஆடும். வயர் உள்ள இயர்போனைச் செருகி, அதோட வொலியூம் பட்டனை அமுத்தினா பல போன்ல படம் எடுக்கும்.

இங்கயும் நம்ம காலநிலை குறுக்க வரும். யன்னல் வெளிச்சத்துல எடுத்துக்கிட்டு இருக்கும்போது பனிமூட்டம் இறங்கும், ஏறும். ஓட விட்டுப் பார்த்தா படம் மின்னி மின்னி அடிக்கும். யன்னலை மூடிட்டு ரெண்டு பக்கமும் எல்ஈடி பல்ப் வைங்க. திரையில பொருள் மேல விரலை அமுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கும். போனுக்குப் போன் கொஞ்சம் வித்தியாசப்படும், முதல்லயே பார்த்து வச்சுக்குங்க.

இந்த மண்சரிவு வேலைக்குள்ளயே செய்தி சரிபார்க்கிற பாடம் ஒளிஞ்சிருக்கு. மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு நிலை. சிவப்புன்னா வெளியேறணும். எச்சரிக்கையில எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும், எந்தப் பிரதேச செயலகப் பிரிவுன்னு போட்டிருக்கும். மழைக்காலத்துல பழைய எச்சரிக்கை புதுசு மாதிரி சுத்தினா சும்மா பயம் பிடிக்கும். நாலு தடவை அப்படிப் பயந்தவங்க அஞ்சாவது தடவை உண்மையானது வரும்போது வீட்டை விட்டு அசையமாட்டாங்க. அதனால வெளியிட்டவர், நேரம், பிரிவு, இந்த மூணையும் தேடிப் பார்க்காம முன்னனுப்பாதேன்னு பழக்குங்க. சந்தேகம்னா அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு எடுக்கலாம். பிள்ளைங்க செய்யிற வீடியோவுலயும் "இது வகுப்புப் பயிற்சி, எச்சரிக்கை அல்ல"ன்னு திகதியோட முதல் சிலைட்ல இருக்கணும்.

நெட் இருக்கிற நாள்ல படத்தைத் திருப்பித் தேடுறதை, அதாவது படத்தையே குடுத்து அது வந்த இடங்களைத் தேடுறதைக் காட்டுங்க. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில நடந்த மண்சரிவுப் படம் ஒன்னைத் திகதி இல்லாமக் குடுத்து, எங்க, எப்ப எடுத்ததுன்னு கண்டுபிடிக்கச் சொல்லலாம். கூகுள் லென்ஸ்ல போடலாம். படத்தைத் தேடுற டின்ஐ தளத்துல பழசு முதல்ல வர்ற மாதிரி அடுக்கலாம். முதல்ல வந்த பக்கத்தோட திகதியையே படத்தோட திகதின்னு எடுத்துக்கக் கூடாது, அது அந்தப் பக்கம் போட்ட திகதி. படத்தைத் தெரிவு செய்யும்போது மலையும் மண்ணும் மட்டும் தெரியிற படமாப் பாருங்க. இதைப் பார்க்கிற வேற டீச்சர் யாராவது மீரியபெத்தை இருக்கிற பதுளைப் பக்கம் படிப்பிக்கிறீங்கன்னா, வகுப்புல சொந்தத்தை இழந்த வீட்டுப் பிள்ளை இருக்கலாம். அப்படின்னா வேற நிகழ்வை எடுங்க.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்க கேட்கல, ஆனா விட்டுட்டுப் போக ஏலாது. உங்க கணக்குல இருந்து, பிள்ளைங்க கணக்குல இல்ல, ஒரு படம் கேளுங்க: "இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்". அச்செடுத்துக் குழுவுக்கு ஒன்னு குடுத்து, பிழை பிடிக்கச் சொல்லுங்க. கூடைக் கயிறு தலையில நிக்குதா, தோள்ல நிக்குதா? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக் கிள்ளுறாங்களா, கிளையையே ஒடிக்கிறாங்களா? செடி இடுப்பளவுல இருக்கா? விரல் எத்தனை? இந்த விஷயத்துல வகுப்புல இருக்கிற 35 பேரும் நிபுணர். மெஷின் உறுதியாச் சொல்றதுலயும் பிழை இருக்கும்னு, தனக்குத் தெரிஞ்ச விஷயத்துல கண்டுபிடிச்ச பிள்ளை, தெரியாத விஷயத்துலயும் கொஞ்சம் நின்னு யோசிக்கும்.

கட்டங்களை அடுக்கி நிரல் எழுதப் பழகுற ஸ்க்ரெச்சும் நல்ல கருவிதான். நெட் இல்லாமப் பாவிக்கலாம். ஸ்க்ரெச் 3க்கு விண்டோஸ் 10 வேணும், பழைய விண்டோஸ் 7 கணினின்னா 1.4 பதிப்பைப் போடுங்க. ஆனா அதை அடுத்த தவணைக்கு வைங்க, ஒரே தவணையில எல்லாத்தையும் திணிச்சா எதுவும் முடியாது.

கணக்கு விஷயம். பல வீட்டுல போன்ல இருக்கிற ஜிமெயில், போன் வாங்கின கடையில போட்டுக் குடுத்தது. கடவுச்சொல் வீட்டுல யாருக்கும் தெரியாது. போன் உடைஞ்சா, சிம் மாறினா, படம், நம்பர் எல்லாம் போச்சு. கூகுள் கணக்கைச் சொந்தமா வச்சுக்கப் பொதுவா 13 வயசு ஆகணும், தரம் 8ல அந்த வயசைத் தொட்டவங்களும் தொடாதவங்களும் கலந்திருப்பாங்க. அதனால வகுப்பு வேலைக்குப் பிள்ளைங்க பேர்ல கணக்குத் திறக்காதீங்க. நான் மேல சொன்ன ஓடாசிட்டி, பவர்பொயின்ட், ஷொட்கட் எதுக்கும் பிள்ளைங்க பேர்ல கணக்கு தேவையில்ல, அதனாலதான் அதுகளைச் சொன்னேன். ஒரு பெற்றோர் கூட்டத்துல மட்டும் அரை மணித்தியாலம் எடுத்து, ஒவ்வொரு அம்மாவும் தன் போன்ல இருக்கிற கணக்கோட கடவுச்சொல்லை மாத்தி, மீட்பு நம்பரா இப்ப பாவிக்கிற சிம்மைப் போட உதவி செய்ங்க. அதை எழுதின தாள் வீட்டுல அடையாள அட்டை இருக்கிற இடத்துல இருக்கட்டும்.

இனி யூடியூப். நான் உடனே போடச் சொல்ல மாட்டேன். முதல்ல பெற்றோர் தினத்துல பாடசாலை ஸ்பீக்கர்ல போடுங்க. பேசின அப்பாயி அங்க உட்கார்ந்து கேட்கட்டும். பிறகும் போடணும்னா, குரல் குடுத்தவர், பிள்ளை, பெற்றோர், அதிபர், நாலு பேரோட கையெழுத்தும் வேணும். எங்க போடுறோம், யார் பார்க்கலாம், வேணாம்னு சொன்னா எடுத்துருவோம், இந்த மூணும் சம்மதத் தாள்ல தமிழ்ல இருக்கணும். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு ஒன்னு இருக்கிறதையும் அதிபருக்கு ஞாபகப்படுத்துங்க. பிள்ளையோட முழுப் பேர், பாடசாலைச் சீருடை, முகம், மூணும் ஒரே வீடியோவுல வரக் கூடாது. கை, பொருள், குரல், மலை, இதுகளே போதும். போடும்போது பட்டியலிடப்படாததுன்னு வைக்கலாம், ஆனா இணைப்பு கிடைச்ச எவரும் பார்க்கலாம், அதை வேற ஆளுக்கு அனுப்பவும் செய்யலாம், அது பூட்டு இல்ல. பிள்ளைகளுக்காகச் செய்ததுன்னு குறிச்சா கருத்துப் பகுதி மூடிரும்.

யாராவது பிள்ளையோட படத்தையோ குரலையோ எடுத்துத் தப்பாப் பாவிச்சா, பிள்ளையைத் திட்ட வேணாம். திரையைப் படம் எடுத்து, இணைப்பையும் நேரத்தையும் குறிச்சு வச்சுக்கிட்டு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட 1929க்கு எடுங்க. இந்த நம்பரைக் கணினி அறைச் சுவர்லயும் ஒட்டி வைங்க, பிள்ளைங்க தாங்களாவே எடுக்கலாம்.

டீச்சர், முதல் பாடவேளைக்கு நெட் வேணாம், கணினியும் வேணாம். 7 கொப்பி, கோடு போட ஒரு ரூலர், 5 கேள்வி எழுத ஒரு தாள். திங்கக்கிழமையே தொடங்கலாம். அடுத்த வீடியோவுல ஓடாசிட்டித் திரையைத் திறந்து வச்சு, அந்த வெட்டுற பயிற்சியை நேராச் செஞ்சு காட்டுறேன்.